வகுப்பறையை மறந்த கணக்கு

1976இல் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் அரசியல் பொருளாகியிருந்தது. லண்டன் இஸ்லிங்டன் பகுதியில் வில்லியம் டின்டேல் என்ற தொடக்கப்பள்ளியில், என்ன படிப்பது, எப்போது படிப்பது என்பதைப் பெருமளவு பிள்ளைகளின் விருப்பத்துக்கே ஆசிரியர்கள் விட்டிருந்தார்கள். பெற்றோர் கொதித்தெழுந்தார்கள். விசாரணை நடந்து, ஜூலையில் அறிக்கை வெளிவந்தது. அக்டோபரில் பிரதமர் ஜேம்ஸ் கேலகன் ஆக்ஸ்ஃபோர்டின் ரஸ்கின் கல்லூரி மேடையில், பள்ளிகளில் என்ன நடக்கிறது என்பதை நாடே விவாதிக்க வேண்டும் என்று அழைப்பு விடுத்தார்.

இந்தக் கொந்தளிப்புக்கு நடுவே லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தின் நெவில் பென்னட் ஒரு நூலை வெளியிட்டார். கற்பிக்கும் பாணிக்கும் மாணவர் முன்னேற்றத்துக்கும் உள்ள உறவைத் தேர்வு வைத்து அளந்து பார்த்த நூல் அது. 37 ஆசிரியர்கள், அவர்களிடம் படித்த சுமார் 950 பிள்ளைகள். கண்டிப்பான பழைய பாணி, தளர்வான புதிய பாணி, இரண்டும் கலந்த பாணி என்று ஆசிரியர்களைப் பிரித்துக்கொண்டு, வாசிப்பிலும் கணக்கிலும் ஆங்கிலத்திலும் பிள்ளைகள் எவ்வளவு முன்னேறினார்கள் என்று பென்னட் ஒப்பிட்டார். பழைய பாணியே மேல் என்று முடிவு வந்தது. வேறுபாடு தற்செயலாக வந்திருக்க வாய்ப்பில்லை என்று புள்ளியியல் சோதனைகளும் உறுதி கூறின. புதிய பாணியை வெறுத்தவர்கள் கையில் அறிவியலின் முத்திரை பதித்த ஆயுதம் கிடைத்தது. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின.

ஐந்து ஆண்டுகள் கழித்து, அதே லங்காஸ்டரில் இருந்த புள்ளியியலாளர் மர்ரே எய்ட்கின் அந்தத் தரவைத் திரும்ப எடுத்துக் கணக்கிட்டார். பிள்ளைகள் வகுப்பு வகுப்பாகப் படித்தவர்கள் என்பதை இந்த முறை கணக்கில் சேர்த்துக்கொண்டார். பழைய முடிவு நிற்கவில்லை. கண்டிப்பான பாணியில் படித்த பிள்ளைகள் மற்றவர்களைவிட மேல் என்று இப்போது நிறுவ முடியவில்லை. 1981இல் வெளிவந்த இந்த மறுஆய்வுக் கட்டுரையில் எய்ட்கினுடன் பெயர் சேர்த்துக் கையெழுத்திட்டவர்களில் ஒருவர் நெவில் பென்னட். தன் புகழுக்குக் காரணமான முடிவை மறுக்கும் கட்டுரையில் தானே பங்கேற்பது எந்தத் துறையிலும் அரிது. ஆராய்ச்சி நேர்மைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடுவது கடினம்.

ஆளையும் அவர் அடங்கிய குழுவையும் வெவ்வேறு மட்டங்களாக ஒரே கணக்கில் வைக்கும் முறைக்குப் பன்மட்ட மாதிரியாக்கம் என்று பெயர். சமூக அறிவியலில் அதன் முதல் முக்கியப் பயன்பாடு என்று இந்த மறுஆய்வைத்தான் பின்னாளில் அந்தத் துறையின் பாடநூல்கள் குறித்தன.

முதல் கணக்கில் என்ன தவறு? 950 பிள்ளைகளை அது 950 தனித்தனிச் சாட்சிகளாக எடுத்துக்கொண்டது. ஆனால் ஒரே வகுப்பில் உட்காரும் 25 பிள்ளைகள் ஒரே ஆசிரியரின் குரலைக் கேட்கிறார்கள். பெரும்பாலும் ஒரே வட்டாரத்திலிருந்து வருகிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்கிறார்கள். அவர்களுடைய மதிப்பெண்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 25ஆவது பிள்ளையைச் சோதிக்கும்போது கிடைக்கும் செய்தியில் பாதிக்கு மேல் முன்பே தெரிந்ததாக இருக்கலாம். பாணி என்பதோ ஆசிரியருக்கு உரியது. அதை ஒப்பிட உண்மையில் கையில் இருந்தவை 37 அலகுகள்தான்.

இதை எண்ணாகவும் சொல்லலாம். கணக்கெடுப்புத் துறையில் லெஸ்லி கிஷ் 1965இல் தன் நூலில் விளக்கிய வாய்ப்பாடு இது: குழுவின் அளவிலிருந்து ஒன்றைக் கழித்து, குழுவுக்குள் உள்ள ஒற்றுமையால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். வகுப்புக்கு 26 பிள்ளைகள், ஒற்றுமை 0.2 என்று வைத்துக்கொண்டால் விடை 6. பிள்ளைகளின் எண்ணிக்கையை இந்த விடையால் வகுக்க வேண்டும். அதாவது 950 பிள்ளைகளிடமிருந்து கிடைக்கும் தகவல், ஒருவரோடொருவர் தொடர்பில்லாத சுமார் 160 பிள்ளைகளிடமிருந்து கிடைப்பதற்குத்தான் சமம். 950 என்று நம்பி நடத்திய சோதனை, தனக்கு இல்லாத உறுதியோடு பேசிவிட்டது.

மட்டங்களைக் குழப்பிக்கொள்வதால் வரும் பிழையைச் சமூகவியல் அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே வேறொரு பக்கத்திலிருந்து சந்தித்திருந்தது. 1950இல் கலிஃபோர்னியாவைச் சேர்ந்த சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன், அமெரிக்காவின் 1930 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு சிறிய கட்டுரை எழுதினார். வெளிநாட்டில் பிறந்தவர்கள் ஒரு மாநிலத்தில் எவ்வளவு அதிகமோ, அங்கே எழுத்தறிவில்லாதவர்கள் அவ்வளவு குறைவு என்று மாநில வாரியான எண்கள் காட்டின. ஒட்டுறவுக் கெழு எதிர்க்குறியோடு 0.53. அப்படியானால் குடியேறியவர்கள் உள்ளூர்க்காரர்களைவிட எழுத்தறிவு மிக்கவர்களா? ஆட்களை ஆட்களாகவே எடுத்துக் கணக்கிட்டபோது குறி தலைகீழானது: நேர்க்குறியோடு 0.12. குடியேறியவர்களிடையேதான் எழுத்தறிவின்மை சற்று அதிகம்.

இரண்டு எண்களிலும் பிழையில்லை. குடியேறியவர்கள் வேலை தேடி நியூயார்க் போன்ற வளமான மாநிலங்களுக்குப் போனார்கள். அங்கே பள்ளிகள் நன்றாக இருந்தன. உள்ளூர் மக்கள் படித்திருந்தார்கள். பள்ளிகள் மோசமாக இருந்த தென் மாநிலங்களுக்குக் குடியேறியவர்கள் அதிகம் போகவில்லை. மாநிலத்தைப் பற்றிய உண்மையை மனிதரைப் பற்றிய உண்மையாக வாசித்ததில்தான் கோளாறு. தோலின் நிறத்தையும் எழுத்தறிவின்மையையும் ஒப்பிட்டபோதும் இதே கதைதான். நாட்டை ஒன்பது வட்டாரங்களாகப் பிரித்துப் பார்த்தால் ஒட்டுறவு 0.95; 48 மாநிலங்களாகப் பார்த்தால் 0.77, ஆட்களாகப் பார்த்தால் 0.20.

இந்தக் கட்டுரை சமூகவியலாளர்களை நடுங்க வைத்தது. பிரான்சின் எமில் துர்கைம் 1897இல் தற்கொலை பற்றி எழுதிய பெருநூலே மாவட்ட வாரியான, மாநில வாரியான எண்களின் மேல் எழுந்ததுதான். ராபின்சனுக்குப் பிறகு பலர் வட்டாரப் புள்ளிவிவரங்களைக் கைகழுவிவிட்டுத் தனிமனிதர்களிடம் எடுத்த கருத்துக் கணிப்புகளுக்குத் தாவினார்கள். அதனால் எதிர்ப்பக்கத்துப் பிழை வளர்ந்தது. மனிதன் வாழும் தெரு, படிக்கும் பள்ளி, ஆளும் சட்டம் எல்லாம் கணக்கிலிருந்து விழுந்தன. மேல்மட்டமா, கீழ்மட்டமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதே தவறான கேள்வி என்பதை உணர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. இரண்டையும் ஒரே சமன்பாட்டுக்குள் வைக்கும் வழி அப்போது சமூகவியலாளர்களிடம் இல்லை.

மாட்டுப் பண்ணைக்காரர்களிடம் அது இருந்தது.

அமெரிக்காவில் செயற்கைக் கருவூட்டல் பரவியபோது ஒரே பொலிகாளைக்குப் பல பண்ணைகளில் நூற்றுக்கணக்கான மகள்கள் பிறந்தன. எந்தக் காளையின் மகள்கள் அதிகப் பால் தருகின்றன என்று கண்டுபிடித்தாக வேண்டும். ஆனால் பால், காளையால் மட்டும் வருவதில்லை. நல்ல தீவனம் போடும் பண்ணையில் எந்தப் பசுவும் கூடுதலாகக் கறக்கும். ஒரு காளைக்கு ஐந்து மகள்கள், இன்னொன்றுக்கு ஐந்நூறு. ஐந்து மகள்களின் சராசரியை எந்த அளவுக்கு நம்புவது? கார்னெல் பல்கலைக்கழகத்தின் சார்லஸ் ஹெண்டர்சன் 1949-50 வாக்கில் இதற்கான சமன்பாடுகளை வகுத்தார். பண்ணையின் பங்கையும் காளையின் பங்கையும் அவை ஒரே நேரத்தில் பிரித்துக் காட்டின. மகள்கள் குறைவாக உள்ள காளையின் மதிப்பீட்டைப் பொதுச் சராசரியை நோக்கி இழுத்தன. சான்று எவ்வளவு குறைவோ, இழுப்பு அவ்வளவு அதிகம்.

ஹெண்டர்சனின் தேடலைத் தூண்டியதில் பெரும்பங்கு ஒரு பயிற்சிக் கணக்குக்கு உண்டு. அலெக்சாண்டர் மூட் என்பவரின் புள்ளியியல் பாடநூலில் அது 1950இல் அச்சானது. கணக்கு மாடுகளைப் பற்றியதல்ல, மாணவரைப் பற்றியது. ஒரு வயதுப் பிரிவு மாணவர்களின் நுண்ணறிவு ஈவு சராசரி 100, திட்ட விலக்கம் 15. தேர்வு அதைச் சரியாக அளப்பதில்லை. அளவைப் பிழையின் திட்ட விலக்கம் 5. ஒரு மாணவர் 130 வாங்குகிறார். அவருடைய உண்மையான ஈவு எவ்வளவு? அவசரக்காரர் 130 என்பார். சரியான விடை 127. மாணவர்களுக்குள் உள்ள வேறுபாட்டின் வர்க்கம் 225, தேர்வின் பிழையின் வர்க்கம் 25. ஆகவே அவர் வாங்கிய மதிப்பெண்ணுக்கு ஒன்பது பங்கு நம்பிக்கை, பொதுச் சராசரிக்கு ஒரு பங்கு. தேர்வு இன்னும் மோசமானதாக இருந்து அதன் பிழையும் 15 ஆக இருந்தால், விடை 115க்கு இறங்கிவிடும்.

மாணவரிடமிருந்து காளைக்குப் போன இந்தச் சிந்தனை, முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு காளையிடமிருந்து மாணவருக்கே திரும்பி வந்தது. நடுவில் பலர் அதைத் தொட்டார்கள். இன்னும் பின்னோக்கிப் போனால், வானியலாளர் ஜார்ஜ் ஏரி 1861இலேயே ஒரே இரவில் எடுத்த அளவைகளுக்குப் பொதுவான பிழை ஒன்று இருக்கும் என்று தனியாகக் கணக்கிட்டிருந்தார். இரவு என்ற மேல்மட்டம், அளவை என்ற கீழ்மட்டம். 1972இல் டென்னிஸ் லிண்ட்லியும் ஏட்ரியன் ஸ்மித்தும் பேய்ஸ் முறையில் இதற்குக் கோட்பாட்டு அடித்தளம் போட்டார்கள். வேறுபாட்டை மட்டம் மட்டமாகப் பிரித்து மதிப்பிடும் வழிகளை இந்தியாவின் சி.ஆர். ராவ் 1970களின் தொடக்கத்தில் வகுத்தார். கோட்பாட்டுக்குக் குறைவில்லை. ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு அதை நடத்திக் காட்டும் கணினி வழிதான் எட்டாமல் இருந்தது.

கல்வி ஆராய்ச்சிக்கு அது உடனடியாகத் தேவைப்பட்டது. அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டத்தின்படி நடத்தப்பட்ட பிரம்மாண்டமான ஆய்வின் அறிக்கையை 1966இல் ஜேம்ஸ் கோல்மன் தலைமையிலான குழு அளித்தது. ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அதில் இடம்பெற்றார்கள். மதிப்பெண்ணைத் தீர்மானிப்பதில் வீட்டின் பங்கு பெரிது, பள்ளியின் பங்கு சிறிது என்று அது சொன்னது. பள்ளிக்கு ஒதுக்கும் பணம் வீண் என்று சிலர் வாதிக்க அதுவே வழிவிட்டது. மைக்கேல் ரட்டர் குழு 1979இல் லண்டன் உள்நகரின் 12 மேல்நிலைப் பள்ளிகளை ஆராய்ந்து, பள்ளியும் மாற்றத்தை உண்டாக்குகிறது என்று மறுத்தது. ஆனால் 12 பள்ளிகளை வைத்து எவ்வளவு சொல்ல முடியும்? மாணவர், வகுப்பு, பள்ளி ஆகியவற்றின் பங்குகளைப் பிரித்தறியும் கருவி இல்லாமல் இரு தரப்பும் மோதிக்கொண்டிருந்தன.

1980களின் நடுவில் பல இடங்களில் ஒரே நேரத்தில் கதவு திறந்தது. அமெரிக்காவில் வில்லியம் மேசன், ஜார்ஜ் வாங், பார்பரா என்ட்விசல் மூவரும் 1983இல் பல நாடுகளின் கருவுறுதல் கணக்கெடுப்புகளுக்கு இந்த முறையைப் பயன்படுத்தினார்கள். 1986இல் எய்ட்கினும் நிக்கோலஸ் லாங்ஃபோர்டும், யான் டி லேயுவும் இட்டா கிரெஃப்டும், ஸ்டீவன் ராடன்புஷும் ஆந்தனி பிரைக்கும், லண்டனில் ஹார்வி கோல்ட்ஸ்டைனும் தனித்தனியே கட்டுரைகளை வெளியிட்டார்கள். பலர் ஒரே ஆண்டில் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தது வியப்பில்லை. தேவை முற்றியிருந்தது, கணினியும் மேசைக்கு வந்திருந்தது.

இவர்களில் கோல்ட்ஸ்டைன் கதை தனியே சொல்லத்தக்கது. 1939இல் லண்டனின் வொயிட்சேப்பலில் பிறந்தவர். குழந்தைகளின் உடல் வளர்ச்சி பற்றிய ஆய்வுகளில் தொடங்கி, 1958 மார்ச்சில் ஒரே வாரத்தில் பிரிட்டனில் பிறந்த குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்துவந்த நெடுங்கால ஆய்வில் பணிபுரிந்து, 1977இல் லண்டன் கல்வியியல் கழகத்தில் பேராசிரியரானார். ஒரே குழந்தையின் உயரத்தைப் பல வயதுகளில் அளப்பவருக்கு மட்டம் என்ற சிந்தனை இயல்பாகவே வந்துவிடும். அளவைகள் குழந்தைக்குள் அடங்குகின்றன; குழந்தைகள் வகுப்புக்குள்; வகுப்புகள் பள்ளிக்குள். எல்லாவற்றுக்கும் ஒரே கணிதம் போதும்.

அவர் 1986இல் கொடுத்த வழி எளிமையானது. ஒவ்வொரு மட்டத்திலும் வேறுபாடு எவ்வளவு என்று முதலில் தோராயமாக வைத்துக்கொள். அதைக் கொண்டு சமன்பாட்டின் கோட்டைக் கணக்கிடு. கோட்டிலிருந்து விலகிய மிச்சங்களைப் பார்த்து, வேறுபாடுகளைத் திருத்து. திருத்தியதைக் கொண்டு மறுபடி கோட்டைக் கணக்கிடு. எண்கள் அசையாமல் நிற்கும்வரை இப்படியே சுற்று. அன்றைய மேசைக் கணினியாலும் செய்யக்கூடிய வேலை அது. மைக்கேல் ஹீலி எழுதிய நானோஸ்டாட் என்ற சிறு மென்பொருளின் மேல் இதைக் கட்டினார்கள். 1988இல் இரண்டு மட்டங்களுக்கு எம்எல்2, அடுத்து மூன்று மட்டங்களுக்கு எம்எல்3, 1995இல் எத்தனை மட்டத்துக்கும் எம்எல்என், 1998இல் விண்டோஸில் இயங்கும் எம்எல்வின் என்று அது வளர்ந்தது. நிரல் எழுதுவதில் ஜான் ராஸ்பாஷின் உழைப்பு பெரியது. அமெரிக்காவில் பிரைக்கும் ராடன்புஷும் தங்கள் எச்எல்எம் மென்பொருளை அதே காலத்தில் கொண்டுவந்தார்கள்.

அடுத்த சிக்கல், இதை யார் கற்றுக்கொடுப்பது என்பது. கணிதப் பயிற்சி குறைந்த கல்வியாளர்களும் மக்கள்தொகை ஆய்வாளர்களும்தான் பயன்படுத்தப் போகிறவர்கள். புள்ளியியல் துறைகளின் பாடத்திட்டத்தில் அன்று இது இல்லை. கோல்ட்ஸ்டைனின் குழு லண்டனில் பயிலரங்குகள் நடத்தியது. செய்தி மடல் வெளியிட்டது. தேறிய ஆய்வாளர் ஒருவர் தன் தரவோடு வந்து உட்கார்ந்து, கட்டளைகளை அடித்துப் பார்த்து, குழம்பி, கேட்டுத் தெளிந்து போகும் முறை அது. ஒரு முறை எவ்வளவு அழகானதாக இருந்தாலும், சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாவிட்டால் இதழ்ப் பக்கங்களிலேயே மடிந்துவிடும். பன்மட்ட மாதிரியாக்கம் பிழைத்ததற்குக் கட்டுரைகளைவிட இந்தப் பயிலரங்குகளே காரணம் என்று துணிந்து சொல்லலாம்.

இரண்டு தரவுத் தொகுப்புகள் உலகெங்கும் மாணவர்களுக்குப் பால பாடமாயின. ஒன்று அமெரிக்காவுடையது: 160 உயர்நிலைப் பள்ளிகள், 7,185 மாணவர்கள். 90 பள்ளிகள் அரசுடையவை, 70 கத்தோலிக்கத் திருச்சபையுடையவை. ஒவ்வொரு பள்ளிக்கும் குடும்ப வசதிக்கும் கணித மதிப்பெண்ணுக்கும் இடையே ஒரு கோடு வரைந்தால், எல்லாக் கோடுகளும் ஒரே சாய்வில் இருப்பதில்லை. கத்தோலிக்கப் பள்ளிகளில் கோடு படுத்திருக்கிறது. அதாவது பணக்காரப் பிள்ளைக்கும் ஏழைப் பிள்ளைக்கும் இடைவெளி அங்கே குறைவு. இங்கே ஆராயப்படும் பொருள் பள்ளியின் சராசரி மட்டுமல்ல. ஏழைப் பிள்ளையை ஒரு பள்ளி எப்படி நடத்துகிறது என்பதே ஓர் எண்ணாகி ஆய்வுக்கு வந்துவிடுகிறது. இந்த முறை சமூக அறிவியலுக்குக் கொடுத்த ஆகப் பெரிய கொடை இதுதான்.

மற்றொன்று லண்டனுடையது: 65 பள்ளிகள், 4,059 மாணவர்கள். 16 வயதில் எழுதிய பொதுத்தேர்வு மதிப்பெண்ணும், 11 வயதில் எழுதிய வாசிப்புத் தேர்வு மதிப்பெண்ணும் அதில் உண்டு. முதல் பாடத்தில் மாணவர், தேர்வு மதிப்பெண்களின் வேறுபாட்டில் பள்ளிகளுக்கு இடையே உள்ளது எவ்வளவு என்று கேட்கிறார். சுமார் 17 விழுக்காடு. உள்ளே வரும்போதே பிள்ளைகள் வேறுபட்டிருந்ததைக் கணக்கில் எடுத்த பின், எஞ்சும் வேறுபாட்டில் பள்ளிகளுக்கு உரியது சுமார் 14 விழுக்காடு. பிறகு 65 பள்ளிகளையும் கடைசியிலிருந்து முதல்வரை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றின் மேலும் அதன் நிச்சயமின்மையைக் காட்டும் செங்குத்துக் கோட்டை வரைகிறார்கள். கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. பெரும்பாலான பள்ளிகளைச் சராசரியிலிருந்து பிரித்துக் காட்டவே முடிவதில்லை. முதல் இரண்டு மூன்று பயிற்சிகளிலேயே இந்தப் படம் வந்துவிடுகிறது.

அந்தப் படம் பெரிய அரசியலின் நடுவில் போய் விழுந்தது. 1992 முதல் இங்கிலாந்து அரசு மேல்நிலைப் பள்ளிகளின் தேர்வு முடிவுகளைப் பட்டியலிட்டு வெளியிடத் தொடங்கியது. செய்தித்தாள்கள் அதை முதலிடம், இரண்டாமிடம் என்று தரவரிசையாக்கின. வீட்டு விலையும் பெற்றோரின் பதற்றமும் அந்த வரிசையைப் பின்தொடர்ந்தன. கோல்ட்ஸ்டைனும் டேவிட் ஸ்பீகல்ஹால்டரும் 1996இல் இதை எதிர்த்து எழுதிய நீண்ட ஆய்வுரை, பள்ளிகளோடு மருத்துவமனைகளையும் சேர்த்துப் பேசியது. எளிதான நோயாளிகள் வரும் மருத்துவமனையும், தேர்ந்தெடுத்த பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளியும் வரிசையில் உயர்ந்து நிற்பதில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பது ஒன்று. சரிக்கட்டிய பிறகும் அடுத்தடுத்த இடங்களுக்கு நடுவே உண்மையான வேறுபாடு இருப்பதாகச் சொல்ல முடியாது என்பது மற்றொன்று.

ஜார்ஜ் லெக்கியும் கோல்ட்ஸ்டைனும் 2009இல் மற்றொரு கேள்வியைச் சேர்த்தார்கள். இன்று பட்டியலைப் பார்த்து 11 வயதுப் பிள்ளையைச் சேர்க்கும் பெற்றோருக்கு வேண்டியது, அந்தப் பிள்ளை தேர்வெழுதப்போகும் ஆண்டில் பள்ளி எப்படி இருக்கும் என்பது. பட்டியல் சொல்வதோ, பல ஆண்டுகளுக்கு முன் சேர்ந்தவர்களின் முடிவு. இடைப்பட்ட ஆண்டுகளின் நிச்சயமின்மையையும் சேர்த்தால், பள்ளிகளில் மிகச் சிலவற்றைத்தான் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிய முடிகிறது. பன்மட்டக் கணக்கை அடிப்படையாகக் கொண்ட மதிப்பீட்டை அரசே 2006இல் கொண்டுவந்து, சில ஆண்டுகளிலேயே கைவிட்டது. தரவரிசை மட்டும் போகவில்லை. நம் ஊரில் பொதுத்தேர்வு முடிவு வரும் நாளில் நூறு விழுக்காடு தேர்ச்சி என்று பளபளக்கும் பள்ளி விளம்பரங்களைப் பார்ப்பவர்கள் இந்த விவாதத்தை அந்நியமாக உணர மாட்டார்கள்.

கல்விக்கு வெளியே இந்த முறை பரவிய வேகம் அதிகம். ஆண்ட்ரூ கெல்மன் குழு அமெரிக்கத் தேர்தலை ஆராய்ந்தது. அன்று பணக்கார மாநிலங்கள் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களித்தன. பணக்கார மனிதர்களோ குடியரசுக் கட்சிக்கு. ராபின்சன் 1950இல் கண்ட அதே முரண். ஆனால் இந்த முறை இரண்டு மட்டங்களும் ஒரே மாதிரிக்குள் இருந்ததால், முரண் எங்கே பிறக்கிறது என்றும் தெரிந்தது. மிசிசிப்பி போன்ற ஏழை மாநிலத்தில் வருமானம் கூடக்கூட வாக்கு வெகுவாக மாறியது. கனெக்டிகட் போன்ற வளமான மாநிலத்தில் அவ்வளவாக மாறவில்லை.

ராபின்சனின் தரவையே 2009இல் ஹார்வர்டின் எஸ்.வி. சுப்பிரமணியனும் கெல்வின் ஜோன்ஸ், நான்சி கிரீகர் உள்ளிட்டோரும் திரும்ப எடுத்தார்கள். 1930இல் தென் மாநிலங்கள் பலவற்றில் கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப்பள்ளிகளில் ஒதுக்கும் சட்டங்கள் இருந்தன. ராபின்சன் கட்டுரையில் மாநிலம் என்பது வெறும் கூட்டல் பெட்டி. அதற்குள் சட்டம் இல்லை. புதிய ஆய்வு சட்டத்தை மாநில மட்டத்தில் வைத்தது. ஒருவருக்கு எழுத்தறிவு இல்லாமல் போகும் வாய்ப்பு, அவர் எந்த நிறத்தவர் என்பதோடு எந்தச் சட்டத்தின் கீழ் வாழ்ந்தார் என்பதையும் பொறுத்தது என்று காட்டியது. தனிமனித ஒட்டுறவுதான் உண்மை, மாநில ஒட்டுறவு மாயை என்று அறுபது ஆண்டுகளாகச் சொல்லப்பட்ட பாடம் பாதியாக நின்றது. ஆளை மட்டும் பார்த்தால், ஆளை அந்த நிலையில் வைத்த சட்டம் தப்பித்துக்கொள்கிறது.

இந்தியாவுக்கு இதில் நேரடியான அக்கறை உண்டு. தேசியக் குடும்ப நல ஆய்வின் ஐந்தாம் சுற்று 2019-21இல் 707 மாவட்டங்களில் 6 லட்சத்து 36 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகளுக்குச் சென்றது. முதலில் கிராமங்களையும் நகர்ப்புறப் பகுதிகளையும் தேர்ந்தெடுத்து, பிறகு அவற்றுக்குள் வீடுகளைத் தேர்ந்தெடுப்பது அதன் முறை. தரவு பிறக்கும்போதே ஆள், வீடு, கிராமம், மாவட்டம், மாநிலம் என்று மட்டம் மட்டமாகப் பிறக்கிறது. சுப்பிரமணியனும் உடன் ஆய்வாளர்களும் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பை வைத்து இந்திய வறுமையை இப்படிப் பிரித்துப் பார்த்தபோது, இடம் சார்ந்த வேறுபாட்டில் மாநிலமும் கிராமமும் முக்கியமாக நின்றன. திட்டங்களோ பெரும்பாலும் பின்தங்கிய மாவட்டம் என்ற அலகைச் சுற்றியே தீட்டப்படுகின்றன. முன்னேறிய மாவட்டத்துக்குள் இருக்கும் நலிந்த கிராமம், மாவட்டச் சராசரியில் கண்ணுக்குத் தெரியாது.

ஹார்வி கோல்ட்ஸ்டைன் 2005இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துக்குப் போனபோது பன்மட்ட மாதிரியாக்க மையமும் அங்கே சென்றது. அந்த மையம் லெம்மா என்ற பெயரில் தன் பாடங்களை இணையத்தில் கட்டணமில்லாமல் வைத்திருக்கிறது. அமெரிக்காவின் டக்ளஸ் பேட்ஸ் முன்னின்று எழுதிய எல்எம்இ4 நிரல்தொகுப்பு, ஆர் மென்பொருளில் காசு கொடுக்காமலே கிடைக்கிறது. கோல்ட்ஸ்டைன் 2020 ஏப்ரல் 9 அன்று, தன் 80ஆம் வயதில், கொரோனா தொற்றால் இறந்தார். தரவரிசைகளுக்கு எதிரான வாதத்தை அவர் கடைசிவரை விடவில்லை.

நம் பல்கலைக்கழகங்களில் சமூகவியல், பொருளியல், கல்வியியல், மக்கள்தொகையியல் ஆய்வேடு எழுதும் மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். குடும்ப நல ஆய்வின் கோப்பைத் திறந்ததும், வேண்டாத நெடுவரிசைகளை நீக்கும்போது, கொத்து எண் என்று இருக்கும் அந்த ஒற்றை நெடுவரிசையை நீக்கிவிடாதீர்கள். எந்தப் பெண் எந்தக் கிராமத்தவர் என்று சொல்வது அது ஒன்றுதான்.